காவிரி வரவில்லை - எஞ்சினைச் சொல்றேன்

தலைப்பைப் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். இது தண்ணீர் விவகாரம் இல்லை. பெங்களூர் சி.வி. ராமன் நகரில் ஜி.டி.ஆர்.ஈ. என்று ஒரு ராணுவ ஆய்வகம் இருக்கிறது. அவர்கள் போர் விமானத்துக்காகச் செய்த ஜெட் எஞ்சினுக்கும் காவிரி என்றுதான் பேர். அதன் நடுப்பகுதிக்குக் கபினி என்று பேர். ஆற்றுப் பேர் வைத்த ராசியோ என்னவோ, அதுவும் சொன்ன நாளில் சொன்ன அளவு வந்து சேரவில்லை.

2025 மே மாதக் கடைசியில் 'காவிரி எஞ்சினுக்குப் பணம் கொடுங்கள்' என்று ட்விட்டரில் (சரி, எக்ஸ் தளத்தில்) ஒரு ஹாஷ்டேக் ஓடு ஓடு என்று ஓடியது. சினிமா, கிரிக்கெட் தவிர ஒரு டர்பைனுக்காக நம் ஜனங்கள் சண்டை போட்டதைப் பார்த்து எனக்கு ஒரே புல்லரிப்பு. ஆனால் கூடவே ஒரு சங்கடமும். பணம் கேட்பது சரி. பணத்தை மட்டும் கேட்பது எப்படி இருக்கிறதென்றால், பையனுக்கு நீச்சல் கிளாஸ் ஃபீஸைக் கட்டிவிட்டு, 'குளம் பக்கத்து ஊரில் இருக்குடா, அவங்க எப்போ விடுறாங்களோ அப்போ போய்க் குளிச்சுக்கோ' என்று சொல்வது மாதிரி. குளத்தை நம் ஊரில் வெட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. பெங்களூர் முருகேஷ்பாளையாவில் ஏழு வருஷம் குடியிருந்து பொட்டி தட்டினேன். ஹெச்.ஏ.எல். ஓடுபாதை கூப்பிடு தூரம். இப்போது இங்கிலாந்தில் டார்பி என்ற ஊரில் குப்பை கொட்டுகிறேன். ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் எஞ்சின் செய்கிற ஊர். நான் அங்கே வேலை பார்க்கவில்லை. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத்தான் இங்கேயும் பொட்டி தட்டல். இந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஜெட் எஞ்சின்களுக்கு ஆறுகளின் பேரைத்தான் வைப்பார்கள். டெர்வென்ட், ட்ரென்ட், ஏவான், ஸ்பே. டெர்வென்ட் இந்த ஊர் வழியாகவே ஓடுகிறது. ஆக, காவிரி என்று பேர் வைத்ததில் நாம் நல்ல பரம்பரையில்தான் சேர்ந்திருக்கிறோம். பேர் வைத்த பிறகு செய்ய வேண்டியதில்தான் கோட்டை விட்டோம்.

நிலாவுக்குப் போனவனுக்கு இது முடியாதா?

ஊருக்குப் போனால் யாராவது ஒரு மாமா கட்டாயம் இதைக் கேட்பார். "ஏம்ப்பா, 2023-ல நிலாவோட தென்துருவத்துக்கிட்டயே போய் இறங்கிட்டோம். ஒரு ஏரோப்ளேன் எஞ்சின் செய்ய வக்கில்லையா?"

நியாயமான கேள்விதான். பதில் இதுதான் மாமா: ராக்கெட் எஞ்சின் சில நிமிஷம் எரிந்துவிட்டுக் கடலில் விழுந்துவிடும். ஜெட் எஞ்சின் ஆயிரக்கணக்கான மணி நேரம் எரிய வேண்டும். நடுவில் விமானி நூறு தரம் முடுக்குவார், நூறு தரம் தளர்த்துவார். குருவி உள்ளே போகும், மண் உள்ளே போகும். சாயங்காலம் கழற்றிப் பார்த்துவிட்டுக் காலையில் மறுபடி பறக்க வேண்டும். ஒன்று ஒரே ஒரு தரம் ஓடுகிற நூறு மீட்டர் ஓட்டம், இன்னொன்று வாழ்நாள் முழுக்க மூட்டை தூக்குகிற வேலை.

இதில் எது கஷ்டம் என்று கேட்டால், டர்பைன் பிளேடு என்று ஒரு பொருள். போர் விமான எஞ்சினில் அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நிக்கல் கலவை உலோகம். சுமார் 1,300 டிகிரியில் உருக ஆரம்பித்துவிடும். ஆனால் அதன் மேல் வந்து மோதுகிற வாயு 1,500 டிகிரிக்கும் மேலே போகும். இந்த லட்சணத்தில் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். ஒவ்வொரு பிளேடையும் பல டன் எடை வெளிப்பக்கமாக இழுக்கும்.

உருக வேண்டியது ஏன் உருகவில்லை? நம் வீட்டு ஈயச் சொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஈயம் 232 டிகிரியில் உருகிவிடும். அடுப்புத் தீ ஆயிரம் டிகிரிக்கு மேல். ஆனாலும் ரசம் கொதிக்கிறது, சொம்பு உருகுவதில்லை. உள்ளே இருக்கிற ரசம் வெப்பத்தை வாங்கிக்கொண்டு சொம்பைக் காப்பாற்றுகிறது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்த புது மருமகள்களின் கதை எல்லார் வீட்டிலும் உண்டு. டர்பைன் பிளேடும் அதே கதைதான். உள்ளே மயிரிழை போன்ற வாய்க்கால்கள். அதன் வழியாக ஐந்நூறு அறுநூறு டிகிரியில் 'குளிர்ந்த' காற்று ஓடும். பிளேடின் மேல்தோலில் ஊசித் துளைகள் வழியாக வெளியே வந்து ஒரு போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். அந்தக் காற்று ஒரு நிமிஷம் நின்றால் பிளேடு காலி.

இது போதாதென்று, அந்த பிளேடு முழுக்க ஒரே படிகமாக இருக்க வேண்டும். கடலை உருண்டையைக் கடித்தால் எங்கே உடைகிறது? கடலை உடையாது, கடலைக்கும் கடலைக்கும் நடுவில் இருக்கிற வெல்லப்பாகுதான் விடும். சாதாரண உலோகமும் அப்படி ஆயிரம் மணிகள் ஒட்டிய உருண்டைதான். சூட்டில் மணிகளுக்கு நடுவே இருக்கிற ஒட்டு இளகி, பிளேடு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போகும். ஒட்டே இல்லாமல் மொத்தத்தையும் பெரிய கற்கண்டு மாதிரி ஒரே படிகமாக வளர்த்துவிட்டால்? அதைத்தான் ஒற்றைப் படிக பிளேடு என்கிறார்கள். ஹைதராபாதில் இருக்கும் டி.எம்.ஆர்.எல். ஆய்வகம் இதைச் செய்துகாட்டிவிட்டது. 2021 ஏப்ரலில் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக 60 பிளேடுகளை ஹெச்.ஏ.எல்.-க்குக் கொடுத்ததாக அறிவிப்பு வந்தது. ஆக, அறிவு இல்லை என்று சொல்வதற்கில்லை.

சுரஞ்சன் தாஸ் ரோடு

பெங்களூரில் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டிலிருந்து ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டுக்குக் குறுக்கே போகிற சாலைக்கு சுரஞ்சன் தாஸ் ரோடு என்று பேர். டிராஃபிக்கில் நின்று திட்டிக்கொண்டே தினமும் லட்சம் பேர் போகிறார்கள். யார் அந்த சுரஞ்சன் தாஸ் என்று கேட்டால் ஆட்டோக்காரருக்கும் தெரியாது, ஆட்டோவில் இருக்கிற சாஃப்ட்வேர்காரருக்கும் தெரியாது.

1956-இல் ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் பெங்களூர் வந்தார். இரண்டாம் உலகப் போரில் ஃபோக்க வுல்ஃப் 190 விமானத்தைப் படைத்தவர். அவரும் ஹெச்.ஏ.எல்.-இன் நம் ஆட்களும் சேர்ந்து மாருத் என்ற போர் விமானத்தைச் செய்தார்கள். 1961 ஜூன் 17-ஆம் தேதி அதை முதன்முதலில் பறக்கவிட்டவர் சுரஞ்சன் தாஸ். ஆசியாவில் அப்போது இப்படி ஒரு வேலையில் இறங்கியவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்.

ஒலியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்துக்காகத் திட்டமிட்ட உடம்பு அது. எஞ்சின்? பிரிட்டனில் ஆர்ஃபியஸ் எஞ்சினின் ஆஃப்டர்பர்னர் வைத்த பெரிய வடிவம் ஒன்று வருவதாக இருந்தது. அவர்களுக்கு அது தேவையில்லாமல் போனதும், 'வேண்டுமானால் மேற்கொண்டு செலவை நீங்கள் கொடுங்கள்' என்றார்கள். நாம் கொடுக்கவில்லை. கடைசியில் குட்டி நாட் விமானத்தின் எஞ்சின் வகையையே, ஆஃப்டர்பர்னர் இல்லாமல், இரண்டாகப் பொருத்தினோம். பயில்வானுக்குப் பச்சைக் குழந்தையின் இதயத்தை வைத்த கதை. விமானம் ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. எகிப்தில் உருவாகிக்கொண்டிருந்த ஒரு எஞ்சினைக்கூட அங்கே ஒரு மாருத்தை அனுப்பிச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தத் திட்டமும் 1969-இல் முடிந்துபோனது.

பிறகு பெங்களூரிலேயே அதே ஆர்ஃபியஸுக்கு ஆஃப்டர்பர்னர் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த மாருத்தை எடுத்துக்கொண்டு 1970 ஜனவரி 10-ஆம் தேதி கிளம்பிய குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் திரும்பி வரவில்லை. அவர் பேரில்தான் அந்த ரோடு.

மாருத் மொத்தம் 147 செய்தோம். 1971 போரில் நன்றாகவே உழைத்தது. ஒன்று இன்றும் கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா மியூசியத்துக்கு வெளியே நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அது சொல்லும் பாடம் ஒன்றுதான். உடம்பை நாம் வரையலாம், எஞ்சின் அடுத்தவன் கையில் இருந்தால் நம் விமானத்தின் வேகத்தை அவன்தான் முடிவு செய்வான்.

வருஷத்துக்கு ஒரு வாரம்

நிற்க. காவிரிக்கு வருவோம்.

1989 மார்ச்சில் 382.81 கோடி ரூபாய்க்கு ஒப்புதல். 1996 டிசம்பருக்குள் முடிக்க வேண்டும். எல்.சி.ஏ. (பின்னாளில் தேஜஸ்) விமானத்துக்கு அதுதான் எஞ்சின். நடந்தது என்ன? ஆஃப்டர்பர்னரோடு 81 கிலோநியூட்டன் உந்துவிசை இலக்கு. எட்டியது எழுபதை ஒட்டி. எடை 1,100 கிலோ இருக்க வேண்டும்; 1,235 கிலோ வந்தது. இதற்குள் எல்.சி.ஏ.-வும் திட்டத்தைவிடக் குண்டாகிவிட்டதால் அந்த 81-ஏ போதாது என்ற நிலை. 2001 ஜனவரி 4-ஆம் தேதி பெங்களூரில் முதல் எல்.சி.ஏ. பறந்தது, அமெரிக்காவின் ஜி.ஈ. 404 எஞ்சினோடு. 2008 செப்டம்பரில் காவிரியைத் தேஜஸிலிருந்து அதிகாரபூர்வமாகப் பிரித்தே விட்டார்கள்.

உடனே 'இரண்டாயிரம் கோடி வீண்' என்று ஜல்லி அடித்தவர்கள் நிறைய. நான் அந்தக் கட்சி இல்லை. முதன்முறையாக ஒரு பெரிய போர் விமான எஞ்சினைச் செய்கிற நாடு, இலக்கில் முக்கால்வாசிக்கு மேல் தொட்டிருக்கிறது. அது தோல்வி இல்லை, பாதி தூரம். எனக்குக் கோபம் வேறு இடத்தில்.

அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி காவிரித் திட்டத்தில் 9 முழு எஞ்சின்கள், 4 நடுப்பகுதி எஞ்சின்கள் செய்து, மொத்தம் 3,217 மணி நேரம் சோதித்திருக்கிறார்கள். இதை 20 வருஷத்துக்குப் பிரித்துப் பாருங்கள். வருஷத்துக்கு 161 மணி நேரம். இரவு பகலாக ஓட்டினால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பதின்மூன்று எஞ்சினுக்கும் சேர்த்து, வருஷத்துக்கு ஒரு வாரம்! இந்த லட்சணத்தில் எந்த மேதை வந்தாலும் எஞ்சின் தேறாது. எஞ்சின் என்பது ஓட்டி, உடைத்து, ஏன் உடைந்தது என்று பார்த்து, மாற்றி, மறுபடி ஓட்டிக் கற்கிற வித்தை. உடைத்த எண்ணிக்கைதான் படிப்பு.

ஏன் ஓட்டவில்லை? குளம் நம் ஊரில் இல்லை. தரையில் ஓட்டிப் பார்க்க பெங்களூரில் வசதி உண்டு. ஆனால் பத்து பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற மெலிந்த, குளிர்ந்த காற்றில் எஞ்சின் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க ரஷ்யாவுக்குப் பெட்டி கட்ட வேண்டியிருந்தது. 2010 நவம்பரில் மாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஒரு இல்யூஷின் 76 விமானத்தின் நான்கு எஞ்சின்களில் ஒன்றை எடுத்துவிட்டு, அங்கே காவிரியை மாட்டிப் பறந்தார்கள். பதினைந்து வருஷம் கழித்து, 2025 மே மாதச் செய்தியிலும் ஆளில்லா விமானத்துக்கான காவிரி ரஷ்யாவில் சோதனையில் இருக்கிறது என்றுதான் போட்டிருந்தது. இன்னொருவன் வீட்டுக் குளம், அவனுக்கு நேரம் இருக்கும்போது.

நம் விமானப்படையிலேயே இல்யூஷின் 76 இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? 1985-இலிருந்து இருக்கிறது. நாற்பது வருஷத்தில் ஒன்றை எடுத்துச் சோதனை விமானமாக மாற்ற நமக்கு மனசு வரவில்லை.

டார்பிக்காரன் திவாலான கதை

இப்போது நான் இருக்கும் ஊர்க் கதை ஒன்று. 1960களின் கடைசியில் ரோல்ஸ் ராய்ஸ் ஆர்.பி.211 என்று ஒரு பெரிய எஞ்சினைச் செய்ய ஆரம்பித்தது. முன்னால் சுற்றும் விசிறிக்கு உலோகத்தை விட்டுவிட்டு கார்பன் ஃபைபர் பிளேடு போட்டார்கள். எடை குறைவு, பலம் அதிகம், எல்லாம் பிரமாதம். 1970-இல் பறவை மோதல் சோதனை வந்தது. செத்த கோழியை எடுத்து பிளேடின் மேல் சுட்டுப் பார்ப்பார்கள். சுட்டார்கள். பிளேடு நொறுங்கியது. டைட்டேனியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. செலவு எகிறியது. 1971 பிப்ரவரி 4-ஆம் தேதி, ரோல்ஸ் ராய்ஸ் திவால்!

நம் ஊராக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே என்ன செய்தார்கள்? தனியார் கம்பெனிகளை ஆதரிக்கிற கன்சர்வேடிவ் அரசாங்கமே அந்தக் கம்பெனியை நாட்டுடைமை ஆக்கி, எஞ்சின் வேலையைத் தொடரச் சொன்னது. அடுத்த வருஷமே ஆர்.பி.211 பயணிகள் விமானத்தில் பறந்தது. அதன் வாரிசுதான் இன்று உலகம் முழுக்கப் பறக்கிற ட்ரென்ட். நீங்கள் சென்னை வரும் பெரிய விமானத்திலும் இருக்கலாம். 1970-இல் உடைந்த அதே கார்பன் விசிறியும் சாகவில்லை. 2023-இல் இதே டார்பியில் ஓடிய அல்ட்ராஃபேன் சோதனை எஞ்சினில் கார்பனும் டைட்டேனியமும் கலந்த பிளேடாகத் திரும்பி வந்திருக்கிறது. ஐம்பது வருஷக் கதை. நடுவில் யாரும் அணியைக் கலைக்கவில்லை.

ஃப்ரெஞ்சுக்காரர்கள் இன்னொரு பாடம். 1986-இல் ரஃபேலின் முதல் சோதனை விமானம் பறந்தது அதே ஜி.ஈ. 404 எஞ்சின்களோடுதான். யாரும் வெட்கப்படவில்லை. பின்னால் அதே விமானத்தில் ஒரு பக்கம் அமெரிக்க எஞ்சின், இன்னொரு பக்கம் தங்கள் எம்88 என்று மாட்டிப் பறந்து பழகினார்கள். இரண்டு எஞ்சின் இருப்பதில் இது ஒரு வசதி, புதுசு மக்கர் பண்ணினால் பழசு வீடு சேர்க்கும். நாமோ ஒற்றை எஞ்சின் விமானத்தையும் முதல் எஞ்சினையும் ஒரே தாலியில் கட்டிப் போட்டோம். இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நின்றன.

"வாங்கிட்டுப் போங்களேன்"

இதுவும் கேட்கிற கேள்விதான். ஸ்வீடன் வாங்குகிறது, தென் கொரியா வாங்குகிறது, நமக்கு மட்டும் என்ன வீம்பு?

வீம்பு இல்லை, அனுபவம். 1998-இல் பொக்ரானுக்குப் பிறகு அமெரிக்கா தடை போட்டபோது, எல்.சி.ஏ.-வின் பறக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அங்கே போயிருந்த நம் பொறியாளர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வேலையைப் பெங்களூரிலேயே முடித்து, மூன்றாவது வருஷம் விமானத்தைப் பறக்கவிட்டோம். (முடியாது என்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) சமீபக் கதையும் உண்டு. 83 தேஜஸ் மார்க் 1ஏ-வுக்காக 2021 ஆகஸ்டில் 99 எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். முதல் எஞ்சின் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். தேஜஸ் தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, முழுப் பழியையும் எஞ்சின் மேல் போட மாட்டேன். ஆனால் எஞ்சின் வராமல் எந்த விமானமும் கிளம்பாது.

உரிமம் வாங்கிச் செய்வதும் கைகொடுக்கவில்லை. ஒடிசாவில் கோராபுட் தொழிற்சாலையில் சுகோய் எஞ்சின்களைச் செய்கிறோம். 2024 செப்டம்பரில்கூட 240 எஞ்சின்களுக்கு 26,000 கோடிக்கு ஒப்பந்தம். நல்ல வேலை, தேவையான வேலை. ஆனால் சமையல் குறிப்பைப் பார்த்து நாற்பது வருஷம் சாம்பார் வைத்தாலும், புளி ஏன் இவ்வளவு என்று தெரியாதவருக்குக் காரக்குழம்பு வைக்க வராது.

ஆட்கள் இல்லையா என்றால், அதுதான் பெரிய வேடிக்கை. ஜி.ஈ., ரோல்ஸ் ராய்ஸ், சாஃப்ரான், ப்ராட் அண்ட் விட்னி என்று எல்லாருக்கும் பெங்களூரில் பொறியியல் மையம் இருக்கிறது. குரோம்பேட்டையிலும் கிண்டியிலும் படித்த நம் பிள்ளைகள் ஒயிட்ஃபீல்டில் உட்கார்ந்து அவர்கள் எஞ்சினுக்குக் கணக்குப் போடுகிறார்கள். என் கூடப் படித்த ஒருவன் அரசு ஆய்வகம் ஒன்றில் டர்பைன் பிரிவில் சேர்ந்தான். ஆறு வருஷம். "நான் வரைஞ்ச பார்ட் ஓடுறதை ஒரு தரம்கூடப் பாக்கலடா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். சம்பளத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என்னதான் வேணும்ங்கிற?

1. கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கம் சல்லக்கெரேயில் டி.ஆர்.டி.ஓ.-வுக்கு 2017-இலிருந்து ஒரு சோதனைத் தளம் இருக்கிறது. பறக்கும் எஞ்சின் சோதனை விமானம் ஒன்றை நம்முடையதாக வைத்து அங்கிருந்தே இயக்குங்கள். உயரச் சூழலைத் தரையிலேயே உண்டாக்கும் சோதனைக் கூடத்தைப் பெங்களூர் பக்கத்தில் கட்டுங்கள். எஞ்சினுக்கு முன்னால் இதற்குப் பணம்.

2. எஞ்சினை எந்த விமானத்தோடும் கட்டாதீர்கள். விமானத்தைவிட எஞ்சினுக்கு அதிக வருஷம் பிடிக்கும். அது தனிப் பட்ஜெட்டில், விமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

3. இப்போது இருக்கிற காவிரியை, இருக்கிற உந்துவிசையிலேயே, ஆளில்லா விமானத்தில் பறக்கவிடுங்கள். ஹெச்.ஏ.எல். 2015-இல் முதன்முதலில் ஓட்டிக்காட்டிய 25 கிலோநியூட்டன் எஞ்சினையும் அப்படியே. தொண்ணூறு மார்க் வாங்கினால்தான் பள்ளிக்கூடம் அனுப்புவேன் என்றால் எப்படி?

2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், ஃப்ரெஞ்சு சாஃப்ரானோடு சேர்ந்து அடுத்த தலைமுறை எஞ்சின் செய்யப் போகிறோம் என்று அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் கூட்டு முயற்சி என்றதும் கைதட்டுவதற்கு முன்னால் மூன்றே கேள்வி கேளுங்கள். அந்த எஞ்சினை எங்கே வைத்துச் சோதிப்பீர்கள்? வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள்? உடைந்தால், ஏன் உடைந்தது என்ற அறிக்கை யார் அலமாரியில் இருக்கும்?

மூன்றுக்கும் 'பெங்களூர்', 'ஆயிரத்துக்கு மேல்', 'நம் அலமாரியில்' என்று பதில் வந்தால் நானும் விசில் அடிக்கிறேன். அதுவரைக்கும் ஹாஷ்டேக் போடுகிற தம்பிகளே, 'பணம் கொடு' என்பதோடு 'குளம் வெட்டு' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: நான் ஏரோநாட்டிக்ஸ் படித்தவன் இல்லை. சின்ன வயசிலிருந்து மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற ஜாதி. ஈயச் சொம்பு உதாரணத்தைத் தங்கமணியிடம் சொன்னபோது, "நீங்க வெறும் சொம்பை அடுப்பில வைக்காம இருந்தா அதுவே போதும்" என்று பதில் வந்தது. எல்லா ஆய்வகத்திலும் தணிக்கை அதிகாரி ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.